குணம் அண்ணையின் ஜப்பான்

செய்தி வந்தபோது நான் ஜப்பானில், யாரும் குடியிராத ஒரு வீட்டின் சமையலறையில், இரவல் வீட்டுச் செருப்புடன் நின்றுகொண்டிருந்தேன். தொழிற்சாலையில் வீடு செய்து விற்கும் கம்பனிகள் அங்கே உண்டு. வாங்க வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கவென்று அவர்கள் கட்டி வைத்திருக்கும் மாதிரி வீடு அது. எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்த மிச்சிக்கோ அம்மையார் விரைந்து வந்து, லண்டனிலிருந்து எனக்குத் தொலைபேசி என்றார். வாசலோரத்து அலுவலகத்தில் ரிசீவரை எடுத்தேன். மறுமுனையில் என் மனைவி வசந்தி.

"என்னப்பா, குணம் அண்ணை போயிட்டார்."

"எப்ப?"

"இரவு. நித்திரையிலயே. புவனேஸ் அக்கா இப்பத்தான் எடுத்துச் சொன்னவ. உங்களை அவசரப்பட்டு வரவேண்டாமாம். பாக்க வேண்டியதை வடிவாப் பாத்து முடிச்சிட்டு வரட்டும் எண்டு அண்ணை சொல்லிப்போட்டுத்தான் போனவராம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இதையும் நான் இல்லாத நேரம் பார்த்துச் செய்துவிட்டாரே என்ற எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகு, மாதிரி வீட்டின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டபோது வந்தது. பார்வைக்கு வைத்த வீடு என்பதால் அங்கே தண்ணீர் இணைப்புக் கிடையாது. பளபளக்கும் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, முகம் கழுவாமலே வெளியே வந்தேன்.

பயணம் முடிய இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. குழுவாக எடுத்த டிக்கெட்டை இடையில் மாற்ற முடியவில்லை. நான் வந்து இறங்கியபோது தகனம் முடிந்துவிட்டது. குணம் அண்ணையை நன்கு அறிந்த லண்டன் தமிழர்களில் அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவன் நான் ஒருவன்தான். பார்த்தவர்கள் எல்லோர்மீதும் எனக்குப் பொறாமை. பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள்மீது இன்னும் அதிகம்.

முப்பத்தோராம் நாளில் வெளியிடும் இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய துணைவியார் புவனேஸ் அக்கா என்னைக் கேட்டார். "என்னை விடுங்கோ அக்கா. நான் எழுதினால் நல்லா இராது" என்றேன். "மற்ற எல்லாரும் நல்லா எழுதிப்போட்டினம் தம்பி. நீங்கள் உள்ளதை எழுதுங்கோ" என்றார். உள்ளது இதுதான்: பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களாக நான் அந்த மனிதர்மேல் வயிறெரிந்துகொண்டிருந்தேன். அந்த எரிச்சல் அவரோடு சேர்ந்து எரிந்துவிடவில்லை. எழுதும் இந்த நேரத்திலும் பத்திரமாக இருக்கிறது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. குணபாலசிங்கம் அவர்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் கட்டடக்கலை படித்து, எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தவர். கிழக்கு லண்டனில், வாடகைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு சிறிய வீடமைப்புச் சங்கத்தில் வேலை செய்தார். அதே அறையில் அடுத்த மேசை என்னுடையது. வீட்டின் வடிவத்தை அவர் வரைவார். அந்த வீடு குளிர்காலத்தில் எவ்வளவு சூட்டை வெளியே விடும், எவ்வளவு காற்றை உள்ளே எடுக்கும் என்பதை நான் கணக்கிடுவேன். என்னைவிட அவர் சில வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை நீர் என்பார், ஐசே என்று கூப்பிடுவார். உயரம், குரல், சிரிப்பு எல்லாவற்றையும் கடவுள் அவருக்குத் தாராளமாகக் கொடுத்திருந்தார். ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய மழைக்கோட்டு எனக்குச் சாக்குப்போல் தொங்கும். அவர் போட்டால் மாப்பிள்ளைக் கோலம் வந்துவிடும்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த முதல் வீடு பிளேஸ்டோவில் இருந்தது. சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, பிள்ளைகளுக்கு இழுப்பு. நான் ஈரம் அளக்கும் கருவியுடன் மூலை மூலையாக முழங்காலில் ஊர்ந்தேன். குணம் அண்ணை அந்த வீட்டு அம்மாவுடன் சமையலறையில் நின்று, உடுப்பு எங்கே காயப்போடுவீர்கள், ஷிப்ட் முடிந்து வந்து எத்தனை மணிக்குச் சோறு வைப்பீர்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தார். வெளிக்கிடும்போது அந்த அம்மா கண் கலங்கி, "அண்ணை, நீங்கள் வந்தபடியா இனி எல்லாம் சரிவரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாவம், தம்பியின்ர காற்சட்டை ஊத்தையாப் போச்சு" என்றார். அன்று தொடங்கியது.

அந்த நாட்களில்தான் எங்கள் தொழிலில் ஜப்பானைப் பற்றிய பேச்சு எழுந்தது. அங்கே கார் செய்வதுபோல வரிசையில் வைத்து வீடு செய்கிறார்கள். அதுவும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டியதைச் சொல்ல, அதன்படி பெட்டி பெட்டியாகச் செய்து, சன்னலும் வயரும் குளியலறையும் பொருத்தி, சூடு வெளியேறாதபடி சுவரை அடைத்து, லொறியில் ஏற்றி அனுப்புகிறார்கள். காலையில் வெறும் அத்திவாரமாக இருக்கும் இடத்தில் பொழுதுபடக் கூரையோடு வீடு நிற்கும். இந்த அதிசயத்தை எங்கள் அலுவலகத்தில் முதன்முதல் சொன்னவன் நான். அதைப் பற்றி வந்த கட்டுரைகளை எல்லாம் வெட்டி வைத்தவன் நான். பிரித்தானியாவிலிருந்து கட்டடத் துறையினரை அங்கே கூட்டிச் செல்லும் கல்விப் பயணம் ஒன்று ஒழுங்காகிறது, எங்கள் சங்கத்துக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்று இயக்குநரிடம் ஓடிப்போய்ச் சொன்னவனும் நானேதான்.

இயக்குநர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, நியாயமானவர். நியாயமானவர் என்பதால், போக விரும்பிய எல்லோரையும் தனித்தனியே கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். அங்கே போனால் எதைப் பார்ப்பீர்கள்?

நான் சுவரைப் பார்ப்பேன் என்றேன். சுவரின் உள்ளடுக்கு, இரட்டைக் கண்ணாடிச் சன்னல், மூட்டுகளில் காற்றுப் புகாமல் அடைக்கும் விதம் எல்லாவற்றையும் விளக்கினேன். இயக்குநர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். குணம் அண்ணை சொன்ன பதிலை அவரே வந்து எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். "எங்கட வீடுகளில மாமியும் மருமகளும் ஒரே சமையலறையில நிப்பினம், சண்டை முழுக்க அங்கதான். ஜப்பானிலயும் அப்பிடித்தானாம். வீடு செய்யிறவன் அந்தச் சண்டைக்கு என்ன வழி வச்சிருக்கிறான் எண்டு பாப்பன் எண்டு சொன்னன் ஐசே. மனுசி விழுந்து விழுந்து சிரிச்சுது." கேள்வி கேட்பவர் சிரித்துவிட்டால் பிறகு மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. குணம் அண்ணை ஜப்பானுக்குப் போனார்.

திரும்பி வரும்போது பெட்டி நிறைய ஸ்லைட் படங்கள் கொண்டுவந்தார். ஊரெல்லாம் அவரைப் பேசக் கூப்பிட்டது. கோயில் மண்டபம், பிளேஸ்டோவில் தேவாலய மண்டபம், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஸ்லைட் காட்டும் இயந்திரம் அலுவலகத்துக்குச் சொந்தமானது; அதை இயக்கத் தெரிந்தவன் நான். ஆகவே அதைத் தூக்கிக்கொண்டு அண்டர்கிரவுண்ட் ரயிலில் அவருக்குப் பின்னால் போனேன். ஏன் போனாய் என்று கேட்பீர்கள். ஜப்பானைப் பார்க்கத்தான். எனக்குக் கிடைத்த ஜப்பான் அவ்வளவுதான்.

எல்லாக் கூட்டத்திலும் ஒரு படம் வந்ததும் அவர் குரலைத் தாழ்த்துவார். "இதில நிக்கிற மனுசி வீடு வாங்க வந்தவ. அவவிட்ட முதல் கேட்ட கேள்வி என்ன தெரியுமோ? எத்தினை அறை வேணும் எண்டில்லை. அம்மா, உங்கட உயரம் என்ன எண்டுதான். பாத்திரம் கழுவுற தொட்டியை அந்த உயரத்துக்கு அளந்து வைப்பினம். அங்க மனுசர் வீட்டுக்காகக் குனியிறேல்லை."

பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து பெரிய பெருமூச்சு ஒன்று எழும். எங்கள் ஆட்களுக்கு, அதிலும் கட்டையான பெண்களுக்கு, ஆங்கிலேயச் சமையலறை என்பது தினமும் தோள் வலிக்கும் இடம். கோலியர்ஸ் வுட் கூட்டம் முடிந்ததும் குணம் அண்ணை எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார். சமையலறையில் வசந்தி சிறிய முக்காலியின்மேல் ஏறி நின்று பாத்திரம் கழுவுவதைக் கண்டார். "தங்கச்சி, உங்கட உயரம் என்ன?" என்று கேட்டுவிட்டு, அந்த வாரமே பலகை கொண்டுவந்து, தொட்டியின் முன்னால் நீளமாக ஒரு மேடை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபின் வசந்தி அதில் ஏறி இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள்.

"அந்த மனுசன் ஒரு நாள் வந்து கேட்டுது. நீங்கள் கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில ஒருக்காலாவது என்ர உயரத்தைக் கேட்டனீங்களோ?"

"எனக்குத்தான் உன்ர உயரம் தெரியுமே" என்றேன்.

"தெரியும் எண்டால் முக்காலி என்னத்துக்கு?"

அந்த மேடை இப்போதும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. அதில் கால் இடறும்போதெல்லாம் அவரைத் திட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சங்கம் குட்மேய்ஸில் ஒரு சிறிய நிலத்தில் ஆறு வீடுகள் கட்ட முன்வந்தது. ஜப்பானிய முறையை நாங்களும் செய்து பார்ப்போம் என்று இயக்குநரைச் சம்மதிக்க வைத்தவர் குணம் அண்ணை. சுவர்களை இங்கிலாந்திலேயே ஒரு தொழிற்சாலையில் செய்வித்து லொறியில் கொண்டுவந்தோம். குடிவரப்போகும் ஒவ்வொரு குடும்பத்தையும் அவர் மேசைக்கு முன் உட்கார்த்தி, அறை அறையாக வெட்டிய அட்டைத் துண்டுகளைக் கொடுத்து, நீங்களே அடுக்குங்கோ என்பார். சமையலறையைத் தென்கிழக்கு மூலைக்குத் தள்ளினார்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தார். மன்னாரிலிருந்து வந்த குடும்பம் மாதா சுரூபத்துக்குச் சுவரில் ஒரு மாடம் கேட்டது. ஓர் ஆங்கிலேயக் கிழவர் தன் சைக்கிள் நனையாமல் உள்ளே நிற்க இடம் கேட்டார். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடி குணம் அண்ணை எல்லாப் பெண்களின் உயரத்தையும் அளந்தார். அவர் ஒரு சன்னலை அந்தப் பக்கம் நகர்த்தினால் அவர்களுக்குச் சிரிப்பும் சந்தோசமும். எனக்கு அது ஒரு முழுப் பின்னேரக் கணக்கு. முதல் குளிர்காலத்தில் ஹீற்றர் போடுவதையே மறந்துபோனோம் என்று ஒரு குடும்பம் சொன்னது. அந்தச் சூடு என் கணக்கில் வந்தது. நன்றி அவருக்குப் போனது.

அந்த வீடுகளில் முதலில் முடிந்தது, சமையலறையைத் தென்கிழக்குக்குத் தள்ளிய செல்வராணி குடும்பத்தின் வீடு. தை மாதத்தில் புதுமனை புகும் குடிபூரல் சடங்கு வைத்தார்கள். ஐயர் வந்து, கூடத்தின் நடுவில் செங்கல் அடுக்கி, ஓமம் வளர்த்தார். வெளியே உறைகுளிர் என்பதால் சன்னல் எல்லாம் இறுகப் பூட்டியிருந்தது. அந்த வீட்டில் சுவராலோ மூட்டாலோ ஒரு துளி காற்றும் போகாது. அதில்தான் எங்கள் பெருமை. பழைய காற்றைக் குளியலறை வழியாக இழுத்து வெளியேற்றி, அதன் சூட்டை மட்டும் மீட்டுத் தரும் இயந்திரம் ஒன்று கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் விடும் மூச்சு, குளிக்கும் நீராவி, கறி தாளிக்கும் மணம் எல்லாவற்றையும் சேர்த்து அதற்குக் கணக்குப் போட்டிருந்தேன். தாளிதத்துக்கென்று கூடுதலாகவே போட்டிருந்தேன்.

ஐயர் நெய்யை ஊற்றினார். புகை எழும்பி, போக இடமில்லாமல் கூடத்தை நிறைத்தது. மிச்சத்தை அந்த இயந்திரம் குளியலறையை நோக்கி மாடி முழுவதும் இழுத்துச் சென்றது. மேலும் கீழும் அலாரங்கள் ஒருமிக்க அலறின. ஐயர் விடவில்லை, அலாரத்தை மேவிக் குரலை உயர்த்தி மந்திரம் சொன்னார். கடைசியில் அவரும் இருமத் தொடங்கினார். கண்ணால் நீர் வடிய எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். செல்வராணியின் கையில் நிறைகுடம். பக்கத்து வீட்டார் அழைத்திருக்க வேண்டும், தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது.

இரண்டு தமிழர்கள், ஒருவர் கட்டடக் கலைஞர், மற்றவர் பொறியியலாளர், தமிழ்க் குடும்பத்துக்கு வீடு செய்து, ஓமத்தை மறந்துவிட்டோம். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. குணம் அண்ணை தீயணைப்பு வீரர்களிடம் போய்க் கைகொடுத்து, இது தீ அல்ல, கடவுளுக்குக் கொடுக்கும் விருந்து என்று விளக்கி, ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தார். பின்தோட்டத்தில் ஐயருக்கு அடுப்பு மாற்றிக் கொடுத்துத் தானே குடை பிடித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"உம்மட கணக்கில பிழையில்லை ஐசே. வீடு நல்லா மூச்சு விடுது. நாங்கள் ரெண்டு பேரும் ஐயரைத்தான் கணக்கில எடுக்கேல்லை."

தெரு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அது அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சில மாதங்களில் ஜப்பானிய வீட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் சிலர் ஒரு கூட்டத்துக்கு லண்டன் வந்தார்கள். தேநீர் இடைவேளையில் குணம் அண்ணை இந்தக் கதையைக் கை கால் ஆட்டிச் சொன்னார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் நாட்டில் பூசையை வீடு கட்ட முன்னமே வெறும் நிலத்தில் செய்துவிடுவோம், அதனால் தப்பினோம் என்றார்கள். அடுத்த கல்விப் பயணத்துக்கு அழைப்பு வந்தபோது, புகைக் கதை சொன்னவர் கட்டாயம் வரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இயந்திரத்துக்குக் கணக்குப் போட்டவன் நான். அதன் புகையில் இருமியவனும் நான். டிக்கெட் அவருக்கு வந்தது.

இரண்டாவது பயணத்துக்குப் பின் அவருடைய பேச்சில் ஒரு புது வரி சேர்ந்தது. "தொழிற்சாலை வாசலில என்னைக் கண்டவுடன குணா-சான், குணா-சான் எண்டு ஓடி வந்தினம். அங்க என்னைத் தெரியாத ஆளில்லை." இருட்டில் ஸ்லைட் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று இதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிறு பற்றும். லண்டனில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்தது போதாதா?

மூன்றாவது பயணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து அவரே போவதாக முடிவாகி இருந்தது. அப்போதுதான் நோய் தெரிந்தது. புற்றுநோய், கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, அந்த இடம் உங்களுக்கு என்றார். இத்தனை காலம் நான் கேட்டு நின்ற இடம். அது எனக்கு வேண்டாம் என்று குணம் அண்ணையிடமே சொல்லிவிட நினைத்துப் பிளேஸ்டோவில் அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவர் இருந்தது பழைய வீடு. குட்மேய்ஸில் அத்தனை குடும்பங்களைக் கதகதப்பாக வைத்தவர், தன் அறைச் சன்னல் இடுக்கில் பத்திரிகைத் தாளை மடித்துச் செருகியிருந்தார். கம்பளித் தொப்பியுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அந்த நிலையிலும் தொப்பி அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"அண்ணை, நான் போகேல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான்."

"ஏன்?"

"நீங்கள் ஏலாமக் கிடக்கேக்க உங்கட இடத்தில நான் போறதோ?"

"சும்மா கதை விடாதையும். நான் வச்ச மிச்சத்தைச் சாப்பிடுற மாதிரி இருக்குது உமக்கு. அதுதானே?"

நான் சன்னலைப் பார்த்தேன்.

"உமக்கு என்னில எரிச்சல் எண்டு எனக்குத் தெரியாதோ? எப்பவோ தெரியும். எனக்கு அது விருப்பம் ஐசே. மற்ற ஆக்கள் நான் என்ன சொன்னாலும் கை தட்டுவினம். நீர் ஒராள்தான் இருட்டுக்குள்ள நிண்டு, இவன் சொல்லுறது சரியோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பீர். நீர் நிக்கிறீர் எண்டுதான் நான் கனக்கப் பொய் சொல்லேல்லை."

"கொஞ்சம் சொன்னனீங்களோ?"

"அதைப் போய்ப் பாத்துக்கொண்டு வாரும். எரிச்சல் இல்லாதவன் போனால் ஒண்டையும் வடிவாப் பாக்கமாட்டான்."

தேத்தண்ணியோடு வந்த புவனேஸ் அக்காவும், "போங்கோ தம்பி. இவருக்கு வந்து சொல்ல ஓராள் வேணுமெல்லே" என்றார். நான் போனேன்.

போய், அவர் சொன்னபடியே பார்த்தேன். ஒவ்வொன்றாக, பொய் பிடிக்கும் கண்ணோடு பார்த்தேன். எனக்கு ஏமாற்றம்தான். ஒரு பெரிய மண்டபத்துக்குள் முழு வீட்டை நிறுத்தி, சுற்றிவர இயந்திரத்தால் மாரிகாலத்தை வரவழைத்துச் சோதிப்பார்கள் என்றாரே, அது உண்மை. மாமிக்குக் கீழே ஒரு சமையலறை, மருமகளுக்கு மேலே ஒரு சமையலறை, அதுவும் உண்மை. ஓர் இளம் பெண்ணிடம் உயரம் கேட்டதை என் காதாலேயே கேட்டேன். அவள் சொன்னாள். விற்பனைக்காரர் தலை வணங்கினார். எனக்கு எங்கள் வீட்டு முக்காலி நினைவுக்கு வந்து, அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டேன்.

எஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான். அவருடைய படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் நின்று, குணா-சானைத் தெரியுமா என்று மிச்சிக்கோ அம்மையார் மூலம் கேட்டேன். வாசலில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே வரைகிறவர்களுக்குத் தெரியவில்லை. வேலைப் பகுதிக்குப் பொறுப்பான முதியவர் ஒருவர் படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்தார். எத்தனையோ நாடுகளிலிருந்து எத்தனையோ பேர் வருகிறார்கள் என்றார்.

எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கமாட்டேன். திரும்பும் ரயிலில் அதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, அங்க உங்களை ஒருத்தருக்கும் தெரியாது." இது கடுமையாக இருந்தது. "அண்ணை, குணா-சான் எங்கை எண்டு கேட்டன். அது ஆர் எண்டு என்னைக் கேட்டினம்." இது நன்றாக இருந்தது. அவர் தலையணையில் சாய்ந்து சத்தமாகச் சிரிப்பதும், "பிடிச்சிட்டீர் ஐசே" என்பதும் எனக்குக் கேட்டது. அவரைப்பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று கடைசியாகக் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள்தான் மாதிரி வீட்டில் தொலைபேசி வந்தது.

பயணத்தின் கடைசி நாளில் தொழிற்சாலைக்காரர்கள் எங்களுக்கு விருந்து வைத்தார்கள். ஒவ்வொரு விருந்தாளியும் எழுந்து ஒரு சில வார்த்தை பேசவேண்டும். நான் சுவரைப் பற்றிப் பேசத் தயார் செய்து வைத்திருந்தேன். எழுந்தபோது எதிர் மேசையில் அந்த முதியவர் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. எத்தனை பேர் வந்துபோனால்தான் என்ன, குணம் அண்ணையை ஒருவர் எப்படி மறப்பது? நான் இத்தனை வருடம் முயன்றும் ஒரு நாள்கூட அவரை மறக்க முடியவில்லையே.

"எனக்கு முன் எங்கள் சங்கத்திலிருந்து இங்கே ஒருவர் வந்தார். உங்களில் ஒருவருக்கும் அவரை நினைவில்லை. அவர் இறந்துவிட்டார்" என்று தொடங்கினேன்.

பிறகு நான் நிறுத்தவில்லை. பிளேஸ்டோவில் என் காற்சட்டை ஊத்தையானதைச் சொன்னேன். மாமி, மருமகள் பதிலைச் சொன்னேன். கழுத்தில் அளவு நாடாவோடு அவர் நின்ற விதத்தைச் செய்து காட்டினேன். ஐயரும் அலாரமும் வடையும் வந்த இடத்தில் மிச்சிக்கோ அம்மையார் மொழிபெயர்க்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கூட்டங்களில் இருட்டில் நின்று நின்று அவருடைய இடைவெளிகள்கூட எனக்கு மனப்பாடமாகி இருந்தன. எங்கே குரலைத் தாழ்த்துவார் என்பதும் தெரிந்தது. தாழ்த்தினேன். எல்லோருடைய சாப்பாடும் ஆறிப்போனது. நான் உட்கார்ந்ததும் அந்த முதியவர் எழுந்து வந்து படத்தை மறுபடி பார்க்கக் கேட்டார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை மேசை நடுவில் ஒரு போத்தலில் சாய்த்து நிறுத்தி, தன் கிண்ணத்தை உயர்த்தினார். "குணா-சான்" என்றார். மண்டபம் முழுவதும் திரும்பச் சொன்னது.

லண்டன் வந்ததும் நேரே பிளேஸ்டோவுக்குப் போனேன். புவனேஸ் அக்கா விளக்கேற்றி வைத்த படத்தின் முன்னால் இருந்தார். என்னைக் கண்டதும் அழுதார். அழுது ஓய்ந்தபின் கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லுறவர் எண்டு எனக்குத் தெரியும். அங்க அவரை ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?"

"ஓம் அக்கா. எல்லாருக்கும் தெரியும்" என்றேன். "பேரைச் சொல்லிச் சொல்லிக் கதைச்சவை."

அக்கா தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அக்கா, இதை வாசிக்கும்போது என்னைக் கோபிக்கவேண்டாம். நான் பொய் சொல்லவில்லை. நான் புறப்பட்டபோது அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

அண்ணை, அக்காவிடம் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். விருந்து முடிந்து பஸ்ஸில் ஏறும்போது அந்த முதியவர் வாசல்வரை வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உங்கள் பெயரை அழகாக, திருத்தமாக ஒருமுறை சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, மிச்சிக்கோ அம்மையாரின் பக்கம் குனிந்து மெல்ல ஏதோ கேட்டார். அவர் சங்கடத்துடன் எனக்கு மொழிபெயர்த்தார்.

"மன்னிக்கவேண்டும். உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறார்."

அவ்வளவு நேரம் பேசியும் நான் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லுமுன் என்னை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டுவிட்டது. இதைக் கேட்டால் நீங்கள் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்! சொல்வதற்குத்தான் ஆளில்லை. போயிட்டு வாங்கோ அண்ணை.